குவாண்டம் பிணைப்புக்கு ஒளிவேகம்தான் எல்லை போடுகிறதா?

"பிணைந்த துகள்களின் ஒத்துப்போதல் ஓரளவுக்கு மேல் வலுக்காமல் தடுப்பது ஒளிவேக வரம்புதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (பிணைந்த துகள்கள் என்றால், எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அளந்து பார்க்கும்போது விடைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கும் துகள்கள்.) இல்லை, அது மட்டும் போதாது.

ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மாலாவும் குமாரும் பேசிக்கொள்ள முடியாத தூரத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கேள்வி வரும், 0 அல்லது 1. பதிலும் 0 அல்லது 1தான். இருவருக்கும் 1 வந்தால் பதில்கள் மாறுபட வேண்டும். மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி எப்படித் திட்டமிட்டாலும் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. பிணைந்த துகள்கள் கையில் இருந்தால் சுமார் 85.4 வரை போகலாம். அதற்கு மேல் குவாண்டம் இயற்பியல் விடாது என்பது 1980இல் சிரெல்சன் நிரூபித்த எல்லையிலிருந்து வருகிறது.

1994இல் பொபெஸ்குவும் ரோர்லிக்கும் இந்த விளையாட்டில் எப்போதும் ஜெயிக்கும் ஒரு கற்பனைப் பெட்டியை முன்வைத்தார்கள். அதன் ஒரு முனை மாலாவிடம், மறுமுனை குமாரிடம்; தன் முனையில் கேள்வியைப் போட்டால் பதில் வரும். அதை வைத்தும் ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாது. அப்படியானால் இயற்கை ஏன் 85.4இல் நிற்கிறது?

2009இல் பாவ்லோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) அனுப்பினால், பெறுபவருக்குக் கிடைக்கும் மொத்தத் தகவலும் ஒரு பிட்டைத் தாண்டக் கூடாது. இதைத் தகவல் காரணத்துவம் என்கிறார்கள்.

அந்தப் பெட்டி இதை மீறுவதை நேராகவே பார்க்கலாம். மாலாவிடம் இரண்டு பிட். இரண்டும் ஒன்றானால் பெட்டியில் 0, வேறானால் 1 போடுகிறாள். பெட்டி 0 தந்தால் முதல் பிட்டை அப்படியே அனுப்புகிறாள். 1 தந்தால் மாற்றி அனுப்புகிறாள். குமாருக்கு முதல் பிட் வேண்டுமென்றால் தன் பக்கம் 0, இரண்டாவது வேண்டுமென்றால் 1 போடுகிறான். பெட்டி அவனுக்கு 1 தந்தால் வந்த பிட்டை மாற்றிக்கொள்கிறான். நாலு வகையையும் தாளில் போட்டுப் பாருங்கள், கேட்ட பிட் தப்பாமல் வரும். வந்தது ஒரே பிட், ஆனால் இரண்டில் எது வேண்டுமோ அது கிடைக்கிறது! பெட்டிகளை அடுக்கினால் லட்சம் பிட்டிலும் இதே கதை.

சிரெல்சன் எல்லையை இம்மியளவு தாண்டிய பெட்டியானாலும் சரி, போதுமான அளவு அடுக்கினால் விதி உடைந்துவிடும். எல்லைக்கான காரணம் இவ்வளவு எளிய வாக்கியமாகக் கிடைத்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் குவாண்டம் ஒத்துப்போதல் முழுவதையும் இது பிடித்துவிடவில்லை. மூன்று பேர் சேர்ந்தால், இருவரை மட்டும் வைத்துச் சொல்லும் எந்தத் தகவல் விதியும் போதாது என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள்.