பழைய ஜாவாவை வீட்டு ஷெட்டிலேயே சரிசெய்து ஓட்ட முடியுமா?

கேள்வி: பல வருஷமாக நின்றுபோன ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் கிடைத்திருக்கிறது. பட்டறையில் விடாமல் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்து, தொடர்ந்து ஓட்டும் நிலையில் வைத்துக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். என்னிடம் இருப்பது 1972-ல் மைசூரில் செய்த ஜாவா 250. கோயம்புத்தூரில் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட்தான் அதற்குப் பட்டறை. லேத் வேலையைத் தவிர மற்ற எல்லாம் அங்கேயே நடக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வண்டியை இங்கே தயாரித்த ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் மைசூர் யாதவகிரியில் தொழிற்சாலை திறந்து, 1970-களில் வண்டியின் பெயரை யெஸ்டி என்று மாற்றி, 1996-ல் மூடிவிட்டது. கம்பெனி ஸ்பேர்ஸ் வருவது அன்றோடு நின்றது. இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி டூப்ளிகேட். 2018-ல் புதிதாக வந்த ஜாவா ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி, பழையது டூ ஸ்ட்ரோக், அதனால் அதன் பாகம் எதுவும் இதற்குச் சேராது. தேய்ந்துபோன ஒரிஜினல் பாகத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தூக்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காது.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் தீர்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-லிருந்து தனி வின்டேஜ் பதிவு இருக்கிறது, நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஓட்ட ஆசை என்றால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் சரி.

அப்புறம், வாங்கிய உடனே முழுதாகப் பிரித்துப் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, மெதுவாக கிக்கரை அழுத்திப் பாருங்கள். இந்த வண்டியில் கியர் லிவரும் கிக்கரும் ஒன்றேதான்: லிவரை உள்பக்கம் அழுத்தித் திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். இறுகியிருந்தால் ஏறி மிதிக்க வேண்டாம், இன்னும் ஊறட்டும். சுற்ற ஆரம்பித்ததும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, நல்ல பேட்டரி வைத்து, எப்படியாவது ஒருமுறை ஓடவைத்துவிடுங்கள். பேட்டரி செத்திருந்தால் கிக் அடித்தாலும் இதில் ஸ்பார்க் வராது. ஓடும் என்ஜின் தன் நோயை அதுவே சொல்லும், பிரித்துப்போட்ட என்ஜினிடம் அதைக் கேட்க முடியாது.

ஜாவாவில் அந்த நோய் பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீல், அதாவது பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு கிராங்க் இருக்கும் கூடான கிராங்க்கேஸ்தான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல் கலவையை உள்ளே இழுக்கிறது, கீழே வரும்போது அதையே சிலிண்டருக்குத் தள்ளுகிறது. எங்காவது கசிந்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். இடது சீலுக்கு அந்தப் பக்கம் கிளட்ச்சும் பிரைமரி செயினும் கியர்பாக்ஸ் ஆயிலில் ஓடுகின்றன. அந்த சீல் போனால் என்ஜின் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். வலது சீல் டைனமோ பக்கம். அது போனால் உள்ளே போவது வெறும் காற்று. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் இறங்காமல் அலறும், சூடேறும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்சான பாயிண்ட் மேல் எண்ணெய் படிந்திருந்தாலும் முதலில் இந்த சீலைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் கார்புரேட்டரையே மாற்றி மாற்றிப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

உறுதி செய்ய வீட்டிலேயே வழி இருக்கிறது. கார்புரேட்டர் வாயையும் இரண்டு எக்ஸாஸ்ட் வாய்களையும் ரப்பர் வைத்து இறுக்கமாக அடையுங்கள். பழைய பிளக் ஒன்றின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, டியூப் வால்வைப் பொருத்தி, சைக்கிள் பம்ப்பால் ஐந்தாறு பிஎஸ்ஐ மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சில நிமிஷம் அழுத்தம் இறங்காமல் நின்றால் நல்லது. இறங்கினால் ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். வெளியே எங்கேயும் குமிழி இல்லையென்றால் சீல்தான்.

என்ஜினைப் பிரிப்பதாக முடிவாகிவிட்டால் கிளட்ச்சையும் டைனமோவையும் இழுத்துக் கழற்றும் கருவிகளான புல்லர்களை முதலில் வாங்குங்கள். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் அலுமினிய கேஸின் சேரும் முகம் பழுதாகும், அது நிரந்தரக் கசிவு. பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். வாஷர், ஷிம் எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

கிராங்க் வேலை, போர் போடும் வேலை (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைவது) இரண்டும் நல்ல லேத்காரரிடம் போக வேண்டும். அங்கே "இதைக் கொடுத்துட்டு ரெடியா இருக்கிற கிராங்க்கை எடுத்துட்டுப் போங்க சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கிராங்க்கிலேயே கன்ராடு கிட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டும் அதன் பேரிங்கும்) மட்டும் மாற்றி, நேராக ஓடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்டர்டு போர் 65 மி.மீ., அதற்கு மேல் ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் வரும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே சிலிண்டரைக் கடையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போட வேண்டும், பெட்டியில் எழுதிய அளவை நம்பக் கூடாது. மாட்டும்போது ரிங் முனைகள் பிஸ்டனில் உள்ள பின்களில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., இதைக் கண்ணால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்.

புது பிஸ்டன் போட்டதும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை 50-க்கு மேல் விரட்ட வேண்டாம். மேட்டில் டாப் கியரில் திணறவும் விடாதீர்கள், அது வேகத்தைவிடக் கெடுதல்.

பராமரிப்பில் இன்றைக்குப் பெரிய கவலை பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை இளக்கும், நாள்பட நின்றால் டேங்க்கில் துரு பிடிக்கும். நிறுத்தும் முன் பெட்ரோல் டேப்பை அடைத்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். 2டி ஆயிலை லிட்டருக்கு 40 மில்லி என்ற கணக்கில் தனிக் கேனில் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். டேங்க்கில் ஆயிலையும் பெட்ரோலையும் தனித்தனியாக ஊற்றினால் ஆயில் அடியில் தங்கிவிடும். சைலன்சருக்குள் இருக்கும் குழாய்களை அவ்வப்போது கழற்றிக் கார்பனைச் சுரண்டி எடுத்தாலே இழுவை திரும்பிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்டுங்கள். நிற்கும் வண்டியில்தான் சீல் காய்ந்து விறைக்கும், பாயிண்ட் பூத்துப்போகும்.

பெயின்ட்டும் குரோமும் கடைசி. ஒரிஜினல் பெயின்ட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஷாம்புத் தண்ணீரில் கழுவி, மென்மையான பாலிஷ் போட்டு, துரு தெரியும் இடங்களில் மட்டும் மெழுகு பூசிவையுங்கள். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். மைசூரில் அடித்த பெயின்ட்டை மறுபடி யாராலும் கொண்டுவர முடியாது.