கடலை வலப்பக்கம் வைத்து ஓட்டுங்கள்

கேள்வி: அக்டோபர் முதல் வாரத்தில் எட்டு நாள் ஸ்பெயின் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகன், 70 வயது அம்மா. பார்சிலோனாவில் கார் எடுத்து, கடலோரமாகவே தென்மேற்கில் உள்ள காதிஸ் வரை ஓட்டி, வழியில் உள்ள கிராமங்களையும் பார்க்க ஆசை. இங்கே 15 வருடமாக கார் ஓட்டுகிறேன், வெளிநாட்டில் ஓட்டியதில்லை. அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. இந்தத் திட்டம் சரிவருமா? (கோவை வாசகர்)

பதில்: சரிவராது. பார்சிலோனாவிலிருந்து கடலோரமாக காதிஸ் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல். எட்டு நாளில் ஓட்டி முடித்துவிடலாம்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையும் பெட்ரோல் பங்கும்தான். கிராமங்கள் பெயர்ப்பலகையாகக் கடந்து போகும். அம்மாவுக்குத் தினமும் ஒரு புது ஹோட்டல், ஒரு புதுப் படிக்கட்டு.

என் யோசனை வேறு. பார்சிலோனாவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரே தென்கடற்கரையில் உள்ள மலாகாவுக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து கிழக்கே அல்மெரியா பக்கம் போங்கள். மலாகாவில் ஓர் இரவு, கடலோர ஊரான நெர்ஹாவில் மூன்று, அல்மெரியா பக்கத்து இயற்கைப் பூங்காவான காபோ தெ காத்தாவில் மூன்று. ஏழு இரவுக்கு மூன்றே ஊர். (ஸ்பானிய மொழியில் 'ஜெ' எழுத்தை 'ஹ' என்று சொல்ல வேண்டும். 'நெர்ஜா' என்று வழி கேட்டால் யாருக்கும் புரியாது.)

ஏன் மேற்கே வேண்டாம் என்கிறேன்? மலாகாவுக்கு மேற்கே தொர்ரெமொலினோஸ், மார்பெல்லா என்று கரை முழுக்க அடுக்குமாடி ஹோட்டல்கள். அந்தப் பக்கம் வேகமாகப் போக வேண்டுமானால் ஏ.பி.-7 சுங்கச்சாலைக்குக் காசு கட்ட வேண்டும். கிழக்கே போகும் ஏ-7 இலவசம். ரோண்டா என்ற மலை ஊரைப் பார்க்காமல் வரலாமா என்று யாராவது கேட்பார்கள். 1793-இல் கட்டி முடித்த, நூறு மீட்டரை நெருங்கும் உயரமுள்ள அந்த ஊர்ப் பாலம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது மலைக்குள் இருக்கிறது. போக வர ஒரு முழு நாள் போய்விடும். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

கிழக்கே போவதில் உங்களுக்கென்றே ஒரு லாபம் உண்டு. ஸ்பெயினில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். தென்கடற்கரையில் கிழக்கு நோக்கிப் போனால் கடல் வலப்பக்கம் வரும். அதாவது நீங்கள் ஓட்டும் பக்கத்திலேயே. காட்சி பார்க்கும் இடம் வந்தால் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் சட்டென்று ஒதுங்கலாம். முன்சீட்டில் உட்காரும் அம்மாவுக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். புதிதாக வலப்பக்கம் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒன்றே ஒன்று, காலை வெயில் முகத்தில் அடிக்கும். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே சூரியன் உதிப்பதே எட்டேகால் வாக்கில்தான். மாலை எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் அவசரமில்லை, பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதும்.

இப்போது காகித வேலை. இந்திய உரிமம் மட்டும் போதாது. ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்குங்கள், ஒரு வருடம் செல்லும். அதோடு அசல் உரிமமும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். கார் வாடகைக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நம்பிப் போய் கவுண்டரில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு வாடகை கூடுதல், ஆனாலும் அதையே எடுங்கள். வலது கையால் கியர் மாற்றிப் பழக அந்த மலைப்பாதை இடமில்லை. மகன் 135 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை என்றால் பின்சீட்டில் அவனுக்கு பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம்; முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

மலாகாவில் இறங்கிய அன்று காரை எடுக்காதீர்கள். பயணக் களைப்போடு நகர நெரிசலில் முதல்முறை வலப்பக்கம் ஓட்ட வேண்டாம். இரவு தூங்கி எழுந்து, விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய் எடுங்கள். அங்கிருந்தே ஏ-7 பிடித்துவிடலாம். நெர்ஹா அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இடப்பக்கம் பார்த்து, நின்று, அப்புறம் நுழையுங்கள். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 120, சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் பக்கத்துக்கு ஒரு தடம் மட்டுமுள்ள தெருவில் 30. கேமராவில் சிக்கினால் அபராதத்தோடு, உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பெனியும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும்.

பெட்ரோல் பங்கில் ஒரு பொறி உண்டு. 'கஸோலினா' என்றால் பெட்ரோல், 'கஸோலியோ' என்றால் டீசல். காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். மூடியிலும் குழாயிலும் ஒட்டியுள்ள குறியைப் பாருங்கள்: வட்டம் பெட்ரோல், சதுரம் டீசல்.

நெர்ஹாவிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மேலே ஃப்ரிஹிலியானா, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கிராமம். இந்த மாதிரி ஊர்களில் ஒரே விதி: ஊர் எல்லையில் இருக்கும் பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு நடங்கள். முதல் பயணத்தில் நான் ஃபோனில் வந்த வழியை நம்பி, இதுபோன்ற ஒரு ஊருக்குள் நுழைந்துவிட்டேன். சந்து குறுகிக்கொண்டே போய் இரண்டு பக்கமும் சுவர். பால்கனியிலிருந்து ஒரு பாட்டி கையை ஆட்டி ஆட்டி வழி சொல்ல, இருபது நிமிடம் ரிவர்ஸ். காரின் ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று. அரபியர் காலத்துத் தெருக்கள் கழுதைக்கு அளவெடுத்தவை. அம்மாவை உச்சி வரை ஏற்ற வேண்டாம். கீழ்ச் சதுக்கத்தில் உட்கார்ந்தாலே ஊர் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கரையில் என்னைக் கட்டிப்போட்டது கடலைவிட கரும்புதான். அரபியர்கள் கொண்டுவந்த பயிர். வடக்கே சியெர்ரா நெவாதா மலை குளிரைத் தடுப்பதால், ஐரோப்பாவில் இருந்துகொண்டே இங்கே கரும்பு விளைந்தது. நெர்ஹாவுக்கும் பக்கத்து மாரோ கிராமத்துக்கும் நடுவே சாலையோரம் நாலடுக்கு வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. கிழக்கே சலோப்ரேன்யாவில் கடைசி சர்க்கரை ஆலை 2006-இல் மூடப்பட்டது. ஆனால் ஃப்ரிஹிலியானாவில் இன்னும் பாகு காய்ச்சுகிறார்கள். ஐரோப்பாவில் கரும்புப் பாகு எடுக்கும் ஒரே ஆலை இதுதான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. கத்தரிக்காயைப் பொரித்து மேலே அந்தப் பாகை ஊற்றித் தருவார்கள். 'பெரென்ஹேனாஸ் கோன் மியெல்' என்று கேளுங்கள். மாவில் முட்டை உண்டா என்று விசாரித்துவிட்டு அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கரும்பு போன இடத்தில் இன்று மாம்பழம், அவகாடோ, நம்ம சீத்தாப்பழத்துக்கு நெருங்கிய உறவான சிரிமோயா. நீங்கள் போகும் மாதத்தில் அந்த ஊர் மாம்பழம் சந்தையில் இருக்கும்.

சைவம் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். 'கறி இல்லாமல்' என்று கேட்டால் அங்கே போதாது. ஹாமும் (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) டூனா மீனும் பல சமையல்காரர்களுக்குக் கறிக் கணக்கில் வராது. சாலட்டில் டூனா தூவி வரும், பருப்புக் குழம்பில் சோரிசோ என்ற பன்றிக்கறி சாசேஜ் மிதக்கும், சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாற்றின் மேல் ஹாமும் முட்டையும் உட்காரும். 'சின் ஹமோன், சின் அதூன், சின் உவேவோ' – ஹாம் வேண்டாம், டூனா வேண்டாம், முட்டை வேண்டாம் – என்று எழுதி வைத்துக் காட்டுங்கள். பாதாமும் பூண்டும் அரைத்த அஹோபிளாங்கோ என்ற குளிர்ந்த சூப்பை நம்பிக் குடிக்கலாம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல்தான். அம்மா அதுவரை தாங்கமாட்டார். அதனால் மூன்று ஊரிலும் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், காய் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

நெர்ஹா குகையை மகன் விரும்புவான். 1959-இல் வௌவால் பிடிக்கப் போன மாரோ கிராமத்துப் பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே 32 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல்தூண். ஆனால் படிகள் ஏராளம். அம்மாவும் இன்னொருவரும் அந்த நேரத்தில் ஊர் நடுவில் உள்ள 'ஐரோப்பாவின் பால்கனி'யில் உட்காரலாம். மூன்று பக்கமும் கடல், தரை சமம்.

காபோ தெ காத்தாவுக்குப் போகும் நாளில் முதல் நாற்பது கிலோமீட்டரை ஏ-7-இல் ஓட்டாதீர்கள். பழைய சாலையான என்-340-ஐப் பிடியுங்கள். கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய கோபுரங்கள், குதிரை லாட வடிவில் ஒரு வளைகுடா (அதன் பெயரே லா எர்ரதூரா, லாடம்தான்), அல்முன்யேகர், பிறகு பாறை மேல் கொட்டி வைத்த சர்க்கரை போல சலோப்ரேன்யா. இந்தப் பயணத்தின் மிக நல்ல ஒரு மணி நேரம் இது. மொத்ரில் தாண்டியதும் நெடுஞ்சாலைக்கு ஏறிவிடுங்கள். அல்மெரியாவுக்கு முன்னால் வெள்ளைக் கடல் ஒன்று வரும். அது பல்லாயிரம் ஹெக்டேருக்கு விரிந்த பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். அழகில்லை, ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளி அதற்குள் விளைகிறது. மகனுக்குக் காட்டுங்கள்.

காபோ தெ காத்தா 1987 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. எரிமலைப் பாறை, கள்ளி, கட்டடம் இல்லாத கடற்கரை. சான் ஹோசே என்ற சிற்றூரில் தங்குங்கள். உப்பளத்தில் ஃபிளமிங்கோக்கள் நிற்கும், அம்மா காரை விட்டு அதிகம் நடக்காமலே பார்க்கலாம். ஹெனோவேசஸ் கடற்கரைக்கு மண்பாதை. கோடையில் கார்களுக்குத் தடை உண்டு, அக்டோபரில் நீங்கள் போகலாம். ஆனால் மண்பாதையில் ஏற்படும் சேதத்தை வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடற்கரையில் காரை விட்டால் கைப்பை, பெட்டி எதுவும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

அக்டோபரில் சில நாள் மழை கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் 'ரம்ப்ளா' எனப்படும் வறண்ட ஓடையையே பார்க்கிங்காகப் பயன்படுத்துவார்கள். மழை எச்சரிக்கை வந்தால் காரை அங்கே விடாதீர்கள். மேலே மலையில் பெய்தாலே இங்கே வெள்ளம் வந்துவிடும். இன்னொன்று, அக்டோபர் 12 அவர்களின் தேசிய விடுமுறை. உங்கள் தேதி அதைத் தொட்டால் அறைகளை இப்போதே பதிவு செய்யுங்கள்.

திரும்பும் நாளில் சான் ஹோசேயிலிருந்து மலாகா விமான நிலையம் சுமார் 240 கிலோமீட்டர், முழுக்க நெடுஞ்சாலை. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். நிலையத்துக்குச் சற்று முன்பே டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு பக்கமும், சக்கர விளிம்பு உட்பட, ஃபோனில் வீடியோ எடுங்கள். நான் சந்தில் உடைந்த அந்தக் கண்ணாடிக்குக் கட்டியதோடு, ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன்.