பக்கத்து பில்டர் நம் குழாயை எடுக்கச் சொன்னால்?

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டும் பில்டர், அந்த ஓரமாகப் போகும் உங்கள் கழிவுநீர்க் குழாயை எடுக்கச் சொல்கிறார், இல்லையா?

முதலில் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். குழாய் உங்கள் எல்லைக்குள் என்றால் அவர் தொடவே கூடாது. அவர் மண்ணில் என்றாலும், 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் (Easements Act) கைகொடுக்கும். அனுமதி கேட்டுப் போட்டிருந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

ஜேசிபி வருவதற்குள் சேம்பர் மூடியைத் திறந்து, தேதியோடு போட்டோ எடுங்கள். குழாய் போகும் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மேஸ்திரி சொல்லும் "பாத்துக்கலாம் சார்" எதற்கும் உதவாது. பில்டரிடமே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

அங்கே ஈபி கேபிளும் போகிறதா? அப்படியென்றால் பேரம் வேண்டாம், உடனே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லிவிடுங்கள்.