கப்பலேறும் தம்பிகளுக்கு: கஞ்சா, கசகசா, வலி மாத்திரை

அண்ணே, வான்கூவரில் இறங்கியபோது கஞ்சா இழுத்தேன். அங்கே சட்டப்படி சரிதானே? கப்பலில் எடுக்கும் போதை டெஸ்ட்டில் வந்தால் என்ன செய்வார்கள்? (ஓஎஸ் எனும் கடைநிலை மாலுமி, கடலூர் முதுநகர்)

கனடாவில் 2018 முதல் சட்டப்படி விற்கிறார்கள், சரி. ஆனால் தம்பி, நீங்கள் கையெழுத்துப் போட்டது கம்பெனி ஒப்பந்தத்தில், அதில் வான்கூவருக்கென்று தனிச் சலுகை கிடையாது. மதுவுக்காவது ரத்தத்தில் 0.05 சதவீதம் என்று எஸ்டிசிடபிள்யூ (மாலுமிகளின் பயிற்சிக்கும் பணிக்குமான சர்வதேச விதி) ஒரு வரம்பு வைத்திருக்கிறது, கஞ்சாவுக்கு இவ்வளவு வரை சரி என்ற வரம்பே இல்லை. போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஆனால் அதன் சுவடு சிறுநீரில் சில நாள் கிடக்கும், தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம்கூட. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் லேபில் நீர்த்துப்போன சேம்பிள் என்றே கண்டுபிடிப்பார்கள். வேலை போவதை விடுங்கள், கப்பலைக் கரையில் கட்டும் மூரிங் கயிறு விறைத்து நிற்கும்போது அது அறுந்து திரும்பி அடிக்கும் இடத்தில் மந்தமாக நிற்பவன் தானும் சாவான், கூட நிற்பவனையும் சாகடிப்பான்.

மகன் துபாயில் கப்பலேறுகிறான். குருமாப் பொடியில் கசகசா போடலாமா? (ஒரு அம்மா, முத்தியால்பேட்டை)

போடாதீர்கள் அம்மா. கசகசா அபினிச் செடியின் விதை, அமீரகத்தில் அதற்குத் தடை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சுவடு டெஸ்ட்டிலும் காட்டலாம். பொட்டுக்கடலை போதும். கோடீன் கலந்த இருமல் சிரப்பும் பெட்டியில் வேண்டாம்.

தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான். கப்பலுக்கு அனுப்பிவிட்டால் திருந்துவானா?

மாட்டான். மாத்திரையில் இருக்கும் டால்க் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்களில் போய் அடைக்கும், மருந்தின் அளவு கூடினால் மூச்சே அடங்கிவிடும். சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது, மருந்துப் பெட்டியும் அதைத் திறக்கும் ஒரு ஆபீசரும்தான், மீதி ரேடியோவில் கேட்டுச் செய்வது. மாத்திரை கிடைக்காமல் நடுக்கடலில் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வந்தால் அவன் வாட்ச்சை, அதாவது காவல் முறையை, பார்ப்பது யார்? முதலில் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள், இலவசம்தான், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீசுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், தானே சிகிச்சைக்கு வருபவருக்கு என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு.

தெரிந்தவர் கொடுக்கும் பார்சலை சிங்கப்பூருக்கு எடுத்துப் போகலாமா?

500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே தூக்கு. உள்ளே இருந்தது தெரியாது என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். ஊறுகாய் என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.