மனம் கொதிக்கும் வயசு: கடலூர், புதுச்சேரிப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

கடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பன்னிரண்டு வருஷமாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கான மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது இந்த நொடியில் உடம்பிலும் மனசிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எட்டுக்கு இங்கே பதில். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம், ஒரு அம்மா: பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான் மேடம். மார்க்கைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா போதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடறான். கதவைப் படார்னு சாத்தறான். இந்தப் பயிற்சி குடுத்தா கோபம் போயிடுமா?

கோபம் போகாதுங்கம்மா. போகவும் வேண்டாம். கோபம் வருவதற்கும் தட்டைத் தள்ளுவதற்கும் நடுவில் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இந்தப் பயிற்சியால் கிடைப்பது அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

நம் மூளையில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்று தோன்றியதும் உடம்பை உசுப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு. ‘கொஞ்சம் பொறு’ என்று நிதானப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. இந்த முன்மூளை முழுசாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். பதினாறு வயசுப் பையனிடம் ஆக்ஸிலேட்டர் நன்றாக இருக்கிறது, பிரேக் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதோடு காலையில் டியூஷன், ராத்திரி பன்னிரண்டு மணி வரை படிப்பு என்று தூக்கமும் கெட்டால் அந்த பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். யாராவது கிண்டல் செய்தால் அடுத்த நொடி கை நீண்டுவிடும். “கோபம் உடம்புல எங்கப்பா ஆரம்பிக்குது?” என்று கேட்டேன். “தெரியல” என்றான். தினம் ஐந்து நிமிஷம் என் அறையில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால் வரை உடம்பில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது மட்டும்தான் அவனுக்கு வேலை. மூணாவது வாரம் ஓடி வந்தான். “மேடம், முதல்ல காது சுடுது. அப்புறம் பல்லு கடிக்கிறேன். அதுக்கப்புறம்தான் அடிக்கிறேன்!” ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகம். உண்மையிலேயே கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகும் இரண்டு முறை அடித்தான், மறைக்கவில்லை. அதற்கடுத்த முறை காது சுட்டதும் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றான்.

வந்திருக்கும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதும் உதவும். 2007-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படத்தைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொல்லும்போது அமிக்டலாவின் கொந்தளிப்பு குறைந்தது மூளை ஸ்கேனில் தெரிந்தது. ‘டென்ஷன்’ என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் போட்டு மூடாமல், எரிச்சலா, அவமானமா, பயமா, ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். மார்க் பேச்சில் உங்கள் பையனுக்கு வருவது அவமானமாகக்கூட இருக்கலாம், கோபம் அதன் மேல் போர்வை.

ஒரு வேண்டுகோள். அவன் கத்திக்கொண்டிருக்கும்போது “மூச்சைக் கவனி” என்று சொல்லாதீர்கள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய். மார்க் பேச்சைச் சாப்பாட்டு வேளையில் எடுக்கவும் எடுக்காதீர்கள்.

லாஸ்பேட்டை, ரெண்டாவது தடவை நீட் எழுதும் மாணவர்: அக்கா, கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சா படபடப்பு இன்னும் ஜாஸ்தியாகுது. தப்பா பண்றேனா?

இல்லை தம்பி. பலருக்கு இப்படி ஆகும். ஏற்கெனவே பயத்தில் இருக்கிறவருக்கு நெஞ்சையும் மூச்சையும் உற்றுப் பார்ப்பதே பயத்தைக் கூட்டிவிடும்.

இதை நான் ஒரு பிள்ளையின் கண்ணீரில்தான் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு பள்ளியில் அறுபது பேரை மொத்தமாகக் கண்ணை மூடச் சொன்னேன். மூணாவது வரிசையில் ஒரு பெண் விம்மத் தொடங்கினாள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ராத்திரியைப் பார்த்தவள் அவள். கண்ணை மூடினால் அந்த இருட்டுதான் வருகிறது என்று பிறகு சொன்னாள். முன்கூட்டியே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அன்றிலிருந்து யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை.

நீங்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் பதியுங்கள். தரை சில்லென்று இருக்கிறதா, மணல் நெருடுகிறதா? அதில் கவனத்தை வையுங்கள். அல்லது வெளியே கேட்கும் மூன்று சத்தங்களைத் தேடுங்கள். கொஞ்சம் பழகியபின் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கிப் பாருங்கள். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அடக்கிப் பிடிக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதும் அடிக்கடி படபடத்தால் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு மாதிரிக் காரணங்களாலும் அப்படி வரும்.

தேவனாம்பட்டினம், ஒரு அப்பா: கடல் தொழில் பண்றவன் நான். படிக்கிற நேரத்துல பையன் சும்மா உட்கார்ந்திருக்கான். கேட்டா ஸ்கூல்ல சொன்னாங்கங்கறான். சும்மா உட்கார்றதுக்கு ஒரு பயிற்சியா?

நியாயமான கேள்விங்க அண்ணே. படகை இறக்குவதற்கு முன்னால் கரையில் நின்று காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி என்று பார்ப்பீர்கள் இல்லையா? அந்த நேரத்தில் கை வேலை செய்யாது, ஆனால் அதைச் சும்மா நிற்பது என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். பையன் தன் மனசில் இன்றைக்குக் காற்று எப்படி என்று பார்க்கிறான். ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். முடிந்தால் ஒருநாள் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

பண்ருட்டி, ஒரு ஆசிரியை: எங்க வகுப்புல ஐம்பது பேர். நானே நடத்தலாமா? இதுக்கு ஆதாரம் இருக்கா?

இருக்கிறது டீச்சர், ஆனால் சிலர் சொல்கிற அளவுக்கு இல்லை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இன்று பல இடங்களில் நடப்பதற்கு மூலம். 2009-இல் கலிஃபோர்னியாவில், மனநலச் சிகிச்சைக்கு வந்த 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 102 பேரை வைத்து வந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. தூக்கம் மேம்பட்டது.

2022-இல் பிரிட்டனில் வேறு முடிவு வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து ஆய்வு. ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களே இந்தப் பயிற்சியை நடத்தினார்கள், மீதியில் வழக்கமான பாடம். வழக்கமான பாடத்தைவிட இது மேல் என்று காட்ட முடியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. ஏற்கெனவே மனச்சிக்கலின் விளிம்பில் இருந்த சிலருக்கு அது ஒத்துவரவும் இல்லை. விரும்பி வரும் பிள்ளைக்கு, சிறு குழுவாக, தானும் தினம் பழகுகிற ஒருவர் சொல்லித் தந்தால்தான் பிடிக்கும் என்பது என் கருத்து. நீங்கள் முதலில் இரண்டு மாதம் செய்யுங்கள். அப்புறம் நடத்துங்கள்.

தொடங்க ஒரு வழி சொல்கிறேன். மூலப் பயிற்சியில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கவனித்துச் சாப்பிடச் சொல்வார்கள். பண்ருட்டியில் அது எதற்கு, முந்திரிப் பருப்பு இருக்கிறதே! ஆளுக்கு ஒன்று. அதன் வளைவைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துக் கடிக்காமல் கொஞ்ச நேரம், பிறகு மெதுவாகக் கடித்து. “மேடம், இதுல இனிப்பு இருக்கு, இத்தனை நாள் தெரியாது” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். கவனம் என்றால் என்ன என்று அதற்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் சத்தம் போட்டதற்குத் தண்டனையாக மட்டும் இதைச் செய்யவைக்காதீர்கள். அதோடு பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள்.

வில்லியனூர், ஒரு பாட்டி: நாங்க பண்ற தியானம்தானேம்மா இது? இல்ல வேற மதத்து சமாச்சாரமா?

பௌத்த தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்து, மதம் கலக்காமல் அமைத்தது பாட்டி. என்னிடம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். நீங்கள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்காரும்போது பேத்தியைக் கூப்பிட்டுப் பாருங்கள். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

நெய்வேலி, ப்ளஸ் டூ மாணவி: ஃபோன்ல ஆப் போட்டா போதுமா அக்கா?

தொடங்குவதற்குப் போதும். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, குரலை மட்டும் கேள்.

முதலியார்பேட்டை, ஒரு அம்மா: பொண்ணு கையில கீறின தழும்பு பார்த்தேன். கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. அவளுக்கு இந்தப் பயிற்சி குடுக்கலாமா?

இப்போது அது முதல் வேலை இல்லைங்கம்மா. தாங்கமுடியாத ஏதோ ஒன்றை அவள் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். “உனக்கு வலிக்குதுன்னு தெரியுது, நான் கூட இருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் பிளேடு, மாத்திரை எட்டாத இடத்தில் இருக்கட்டும். ‘சாகணும் போல இருக்கா?’ என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களே பேசி வழி கேட்கலாம். மருத்துவர் சரி என்றபின் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

திருப்பாதிரிப்புலியூர், பத்தாம் வகுப்பு மாணவி: அக்கா, கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் படிச்சதெல்லாம் மறந்துடுது. கை வேர்த்துப் பேனா வழுக்குது. அந்த நேரத்துல என்ன பண்றது?

பேப்பரைக் கவிழ்த்து வை பாப்பா. கையைப் பாவாடையில் துடைத்துக்கொள். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்று. ‘பயம் வந்திருக்கு’ என்று மனசுக்குள் சொல். போ என்று விரட்டாதே, வந்திருக்கு என்று மட்டும் சொல். மூன்று முறை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடு. ஒரு நிமிஷம்கூட ஆகாது. இதை இன்றிலிருந்தே வீட்டில் தினம் கணக்கு போட உட்காரும்போது செய்து பார், ஹாலில் புதுசாக இருக்கக் கூடாது. அப்புறம் பேப்பரைத் திருப்பி, தெரிந்த ஒரு மார்க் கேள்வியில் ஆரம்பி.