‘கெட்’டுக்கு அடுத்து என்ன வருகிறது?

கேள்வி: அலுவலகத்தில் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதில் ‘கெட்’ என்ற ஒரு சொல் என்னைப் படுத்தி எடுக்கிறது. ‘டிட் யூ கெட் இட்?’ என்று கேட்கிறார்கள், ‘கெட் இட் டன்’ என்கிறார்கள், ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்று முடிக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் பக்கக்கணக்கில் பொருள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். செய்தாலும் மனதில் நிற்காது. ‘கெட்’டைத் தனியாகப் பிடித்துப் பொருள் கேட்டால் அது எதையும் சொல்லாது. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள், முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் வந்தது. ‘கெட் மீ எ சேர்’ என்றால் நாற்காலி கொண்டு வா. ‘காட் இட்’ என்றால் புரிந்தது என்பதும் இந்த வகைதான், விஷயம் கைக்கு வந்துவிட்டது. உங்களிடம் கேட்ட ‘டிட் யூ கெட் இட்?’ இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். முந்தைய வரியில் ஃபைல் பற்றிப் பேச்சு இருந்தால் ‘வந்ததா?’, விளக்கம் சொல்லியிருந்தால் ‘புரிந்ததா?’

பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆகு’. ‘இட் இஸ் டார்க்’ என்றால் இருட்டாக இருக்கிறது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. நிலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் டு தி ஆபீஸ்’ என்பதில் ‘டு’ வேண்டும், ‘கெட் ஹோம்’, ‘கெட் தேர்’ இரண்டிலும் கூடாது. அப்புறம், பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் ‘கெட் டவுன்’ என்கிறோம். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அது ‘கெட் ஆஃப்’. அங்கே யாராவது ‘கெட் டவுன்!’ என்று கத்தினால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், அதுதான் அர்த்தம். பஸ், ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிகளுக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’. காருக்கு ‘இன்’, ‘அவுட் ஆஃப்’.

இனி வருவதுதான் தமிழ் பேசுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ‘நேற்று முடி வெட்டினேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, வெட்டியது கடைக்காரர் என்பது தெரிந்ததே. அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கேட்பவர் நீங்களே கண்ணாடி முன் கத்தரிக்கோலோடு நின்றதாக நினைத்துக்கொள்வார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதுதான் சரி. வேலையை இன்னொருவர் செய்கிறார், ஏற்பாடு உங்களுடையது. உங்கள் ‘கெட் இட் டன்’ இந்த வார்ப்புதான்: நீயே செய்வாயோ ஆள் வைத்துச் செய்வாயோ, வேலை முடிந்திருக்க வேண்டும்.

யாரைச் செய்ய வைத்தோம் என்று சொல்ல வேண்டுமானால் ஆளையும் ‘டு’வையும் சேர்க்க வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. பேசிச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்ற தொனி இதில் உண்டு. ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் வேறு வழியில்லாமல் போடவைத்தேன். ‘மேட்’ வந்தால் ‘டு’ கிடையாது.

ஒரு வேடிக்கை. ‘ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்’ என்பதும் பார்வைக்கு முடிவெட்டு வாக்கியம் மாதிரியே இருக்கும். ஆனால் ஆள் வைத்துத் திருடச் சொன்னேன் என்று பொருள் இல்லை, பறிகொடுத்தேன் என்றுதான் பொருள். தமிழில் அந்தக் ‘கொடுத்தேன்’ எப்படி வந்ததோ, அப்படித்தான் அதுவும்.

‘காட் ஃபயர்ட்’ (வேலை போனது), ‘காட் காட்’ (got caught, பிடிபட்டது), ‘காட் ப்ரமோட்டட்’ (பதவி உயர்வு பெற்றது) என்பவை செயப்பாட்டு வினை. நம்மிடம் இதற்கு ‘வாங்கு’ இருக்கிறதே, அடி வாங்கினான், திட்டு வாங்கினான். ஒருவருக்கு நல்லதோ கெட்டதோ நேர்ந்தது என்ற உணர்வோடு பேசும்போது இது பொருந்தும். ‘இந்தக் கட்டடம் 1950-இல் கட்டப்பட்டது’ போன்ற சாதாரணத் தகவலுக்கு ‘வாஸ் பில்ட்’ தான், ‘காட் பில்ட்’ கூடாது.

‘காட் டு’ என்பதில் எச்சரிக்கை தேவை. ‘ஐ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐ ஹாவ் காட் டு மீட் ஹர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். பேச்சில் அந்த ‘ஹாவ்’ விழுந்து ‘காட்டா’ ஆகிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும். எழுதும்போது ‘ஹாவ் டு’ என்று போட்டுவிடுங்கள், வம்பே இல்லை. நடந்து முடிந்த கட்டாயத்துக்கு எப்போதும் ‘ஹாட் டு’. ஆகவே பழைய கதை சொல்லும் ஒருவர் ‘ஐ காட் டு...’ என்றால் வாய்ப்பைத்தான் சொல்கிறார்.

‘ஹாவ்’ போன்றவற்றுக்குப் பின் ‘காட்’டுக்குப் பதிலாக அமெரிக்கர்கள் ‘காட்டன்’ (gotten) என்று எழுதுவதைப் பார்த்துத் தப்பு என்று திருத்த வேண்டாம். ஆங்கிலத்தில் முன்பிருந்தே உள்ள வடிவம் அது, பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. அங்கே ‘ஐ ஹாவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐ ஹாவ் காட்டன் எ கார்’ என்றால் வாங்கியிருக்கிறேன்.

‘கெட் பேக் டு யூ’ மாதிரித் தொடர்களை மட்டும் முழுசாகத்தான் கற்க வேண்டும், இது ‘பிறகு பதில் சொல்கிறேன்’. ‘கெட் ஓவர்’ மீண்டு வருவது, ‘கெட் பை’ எப்படியோ சமாளிப்பது, ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது. எதிர்ப்படும்போது வாக்கியத்தோடு குறித்து வைத்தால் போதும்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, உடன் வேலை செய்பவருக்கு ‘ஐ காட் யுவர் மெயில்’ தாராளமாக எழுதலாம். விண்ணப்பம், புகார், ஒப்பந்தம் என்றால் ‘ரிசீவ்ட்’, ‘அப்டெய்ன்ட்’ பொருத்தம். மேலதிகாரிக்கு ‘ப்ளீஸ் கெட் இட் டன் டுடே’ என்று எழுதிவிடாதீர்கள், ‘ப்ளீஸ்’ இருந்தாலும் அது கட்டளைதான். ‘குட் வி கெட் திஸ் டன் டுடே?’ என்று கேள்வியாக்குங்கள்.