பல் காரை நீக்கும் கைக்கருவிகள்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். பல் சுகாதாரப் பணிக்கான பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்தமாகக் கருவிகள் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். காரை சுரண்டும் கிரேஸி க்யூரெட் கருவிகளின் முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டுமா, சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: முழுத் தொகுப்பு இப்போதைக்கு வேண்டியதில்லை. பல்லில் கெட்டியாகப் படிந்த காரை ஈறுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேலே இருப்பதற்கு அரிவாள் வடிவ ஸ்கேலர் என்ற சுரண்டும் கருவி போதும். அதன் அலகு (சுரண்டும் முனைப்பகுதி) முக்கோணமாகவும் நுனி கூராகவும் இருப்பதால், பல்லிடுக்கில் நுழைந்து தடித்த காரையையும் பெயர்த்துவிடும். அதே கூர்நுனி ஈறுக்குள் ஆழமாகப் போனால் சதையைக் கிழிக்கும், வேரைக் கீறும். ஈறுக்குக் கீழே வேலை செய்வதற்காகவே நுனியும் முதுகும் உருண்டையாக அமைக்கப்பட்டது க்யூரெட்.

க்யூரெட்டில் பொதுவகை என்று ஒன்று உண்டு. அதில் அலகின் முகம் (இரு விளிம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு), அலகைக் கைப்பிடியோடு இணைக்கும் தண்டின் கடைசிப் பகுதிக்கு 90 பாகையில் இருக்கும், இரு விளிம்புகளும் வெட்டும். கிரேஸி வகையில் முகம் ஏறத்தாழ 70 பாகையில் சாய்ந்திருப்பதால், தாழ்ந்திருக்கும் விளிம்பு ஒன்றுதான் வேலை செய்யும். ஈறை அறுத்துத் திறக்காமலேயே ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உண்டாகும் ஆழமான ஈறுப்பையின் அடிவரை எட்ட வேண்டும் என்பதற்காக, கிளேட்டன் கிரேஸி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1930-களில், பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்றபடி தண்டை வளைத்து இவற்றை உருவாக்கினார். கருவியின் மேல் உள்ள எண் அந்த இடத்தைத்தான் குறிக்கிறது. 1/2, 3/4 ஆகியவை முன்பற்களுக்கும், 5/6 முன்பற்களோடு முன்கடைவாய்ப் பற்களுக்கும் உரியவை. 7/8, 9/10 ஆகியவை கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும், 11/12 அவற்றின் முன்புறத்துக்கும், 13/14 பின்புறத்துக்கும் பயன்படுபவை.

முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு ஸ்கேலர்களும், கிரேஸியில் 5/6, 7/8, 11/12, 13/14 ஆகிய நான்கும் இருந்தால் படிப்புக் காலத்தில் பெரும்பாலான வாய்களைச் சமாளிக்கலாம். ஈறுப்பையின் ஆழம் 5 மி.மீ.-ஐத் தாண்டிய நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபின், தண்டு 3 மி.மீ. நீண்ட வகையை வாங்கிக்கொள்ளலாம். கைப்பிடி மெலிந்து கனமாக இருப்பதைவிட, தடித்து எடை குறைவாக இருப்பதே விரல்களுக்கு நல்லது. மிச்சமாகும் பணத்தில் நல்ல சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். ஏன் என்பது அடுத்த கடிதத்தைப் படித்தால் தெரியும்.

கேள்வி: டாக்டர், தனியார் பல் மருத்துவமனையில் ஸ்கேலிங் செய்கிறேன். எவ்வளவு அழுத்திச் சுரண்டினாலும் சில இடங்களில் காரை பெயராமல் வழுக்குகிறது. மாலையானால் பெருவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி.
(வாசகி, திருச்சி)

பதில்: இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும்: உங்கள் கருவியின் அலகு மழுங்கியிருக்கலாம். மழுங்கிய அலகு காரையைப் பெயர்க்காது, அதன் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிவிடும். மெருகேறிய காரை, பல்லைத் தடவிப் பார்க்கும் ஊசிக் கருவியான எக்ஸ்புளோரருக்கும் எளிதில் தட்டுப்படாது என்பதால், சுத்தமாகிவிட்டது என்று நினைத்து நோயாளியை அனுப்பிவிடுவோம்; அவருடைய ஈறு வீக்கமோ வற்றாமல் நிற்கும். கூர்மையைக் கண்டு அஞ்சி மழுங்கிய கருவியோடு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. கூர் போன கருவிக்குத்தான் அழுத்தம் அதிகம் தேவைப்படும். அந்த அழுத்தத்தில்தான் கை வழுக்கி ஈறு கிழியும்.

விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கோடாக ஒளி மின்னினால் மழுங்கிவிட்டது என்று பொருள். சோதனைக்கான அக்ரிலிக் குச்சியில் வைத்தால் கூரான விளிம்பு பிடித்துக்கொள்ளும், மழுங்கியது சறுக்கும். சாணை பிடிக்கும்போது அலகின் முகத்தைத் தரைக்கு இணையாக வைத்து, முகத்துக்கும் கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை இருக்குமாறு கல்லைச் சாய்த்து, அடியிலிருந்து நுனி நோக்கிச் சிறுசிறு பகுதியாகத் தீட்ட வேண்டும். அப்போதுதான் அலகின் 70 முதல் 80 பாகை உட்கோணம் மாறாமல் இருக்கும். க்யூரெட்டின் உருண்டை நுனியையும் சுற்றித் தீட்டாவிட்டால் அது நாளடைவில் கூர்நுனியாக மாறிவிடும். கிரேஸியில் வேலை செய்யும் விளிம்பை மட்டும் தீட்டினால் போதும். பீங்கான் கல்லுக்குத் தண்ணீரும் ஆர்கன்சா கல்லுக்கு எண்ணெயும் பயன்படுத்த வேண்டும். நோயாளிக்குப் பயன்படுத்திய கருவியை ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாமல் கல்லில் வைக்கவே கூடாது; தீட்டியபின் கருவியையும் கல்லையும் மறுபடி ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும்.

கூர் சரியாக இருந்தும் காரை வழுக்கினால் கோணத்தைக் கவனியுங்கள். ஈறுக்குள் நுழையும்போது அலகு பல்லோடு படுத்திருக்க வேண்டும். உள்ளே போனபின் 70 முதல் 80 பாகைக்குத் திறக்க வேண்டும். 45-க்குக் குறைந்தால் காரை மெருகேறும், 90-ஐத் தாண்டினால் ஈறு காயப்படும். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க, மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து அசைய வேண்டும். விரல்களால் மட்டும் இழுத்தால் வலி வரத்தான் செய்யும். காரையை இழுக்கும் கணத்தில் மட்டும் அழுத்தி, உடனே பிடியைத் தளர்த்திப் பழகுங்கள். இரவில் விரல்கள் மரத்துப்போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஸ்கேலர் தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறதே, வீட்டிலேயே சுத்தம் செய்துகொள்ளலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். கண்ணாடியில் உங்களுக்குத் தெரிவது ஈறுக்கு மேலே இருக்கும் காரை மட்டுமே. எலும்பைக் கரைக்கும் நோய்க்குக் காரணமான படிவு கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கூர்நுனி ஒருமுறை நழுவினால் ஈறோ நாக்கோ கிழியும்.

கேள்வி: அம்மாவுக்கு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பொருத்தியிருக்கிறோம். அதையும் இதே கருவிகளால் சுத்தம் செய்யலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: சாதாரண எஃகுக் கருவி இம்ப்ளான்டின் டைட்டானியத்தில் கீறல் விழச் செய்யும், கீறலில் கிருமிப் படலம் மேலும் எளிதாகத் தங்கும். அதனால் இம்ப்ளான்டுக்கென்றே பிளாஸ்டிக்காலோ டைட்டானியத்தாலோ செய்த க்யூரெட்டுகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது, சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, எந்தப் பல் இம்ப்ளான்ட் என்பதை நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.